உறங்கும் தட்டு

செல்களை வளர்க்கும் சூட்டுப் பெட்டி திறந்தே கிடக்கிறது என்று அலாரம் வீறிடுகிறது. ஆய்வாளர் காதில் அது விழவில்லை. கண் மைக்ராஸ்கோப்பில் இருக்கிறது. தட்டில் இருப்பவை அவள் கணவனின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்கள். தீனியாக ஊற்றும் ஊட்டத் திரவத்தை நிறுத்தியதும் பெருகாமல் உறங்கிவிட்டவை. அவன் உடம்பில் மிஞ்சியவையும் இப்படித்தான் உறங்குகின்றன என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். வெள்ளை வெளிச்சத்தில் ஒரு செல் உருண்டு, இடுப்பு சிறுத்து, இரண்டாகிறது. அருகிலேயே இன்னொன்று. மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்பி மறுபடி பார்க்கிறாள். "பட்டினி போட்டும் முழிச்சுக்கிச்சேடி. அப்போ அவருக்குள்ள இருக்கறது?" உடன் வேலை பார்ப்பவள் பெட்டியைச் சாத்துகிறாள். அலாரம் அடங்குகிறது. கைப்பிடியை விடாமல், முகத்தைத் திருப்பாமல் சொல்கிறாள்: "அதுங்களா முழிக்கலக்கா. வாடிக் கிடக்குதேன்னு நேத்து நான்தான் தீனி ஊத்தினேன்."