சிமெண்டுக் கப்பலின் கயிறு

யுத்தத்தில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்தபோது சிமெண்டிலேயே வார்த்த சரக்குக் கப்பல் அது. தூத்துக்குடிக்கு வெளியே பாறையில் ஏறி மூழ்கிப்போனது. உள்ளே கிடந்த செம்புக் கட்டிகளை எடுக்க, முத்துக்குளிப்பு நின்று சும்மா இருந்தவர்களைக் காண்டிராக்டர் கூலிக்குப் பிடித்தார்.

முங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். தங்கச்சி தாலியை அவன் நழுவவிட மாட்டான் என்பது கடற்கரை வழக்கம். சந்தியாகுவின் கயிற்றை மச்சான் கஸ்பார்தான் பிடித்தான். போன வருஷம் ஒருநாள் வெறும் கயிறு மட்டும் மேலே வந்தது. மறுநாள் உடலை எடுத்து அடக்கம் செய்தார்கள். கஸ்பாரும் ஒரு பிடி மண் போட்டான்.

அடுத்த வாரமும் கஸ்பார் கயிற்றில் கூடையைக் கட்டி இறக்கினான். யாரும் முங்கவில்லை. கயிறு ஒரு தரம் சுண்டியது. இழுத்தால், கூடை நிறையச் செம்பு. அதன்பிறகு தினமும் அப்படித்தான். காண்டிராக்டர் ஒன்றும் கேட்கவில்லை.

"அவுக கூலியா?" என்று, கஸ்பார் காசை நீட்டும்போது தங்கச்சி சிசிலி மட்டும் கேட்பாள்.

"ஆமா."

வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சிசிலியின் மறுமணத்தை ஊரறிய அறிவித்து ஓலை வாசித்தார்கள். திங்கட்கிழமை கயிறு இரண்டு தரம் சுண்டியது. ஒரு தரம் என்றால் கூடையை இழுக்க வேண்டும். இரண்டு தரம் என்றால் ஆளை.

தோணிக்காரர் துடுப்பை நிறுத்தினார். "என்னலே பாத்துக்கிட்டு நிக்க? நீதானலே மச்சான்."

கஸ்பாரின் கை அதற்குள் இழுக்கத் தொடங்கியிருந்தது. கயிறு ஆள் கனம் கனத்தது.