கிணற்றோர வாழை

எங்கள் குடும்பத்தில் வாழைக்கன்று நடுபவரின் உள்ளங்கையிலிருந்து எடுத்து வளர்த்த நுண்ணுயிரைத்தான் கன்றுக்கு ஊட்டுவோம். அது தண்டுக்குள் குடியிருந்து வாடல் நோயைத் தடுக்கும். அந்நியர் கை எங்கள் தோட்டத்தில் பட்டதில்லை.

இந்த ஆண்டு தோட்டமே மஞ்சளாகிச் சாய்ந்தது. கிணற்றோரத்து வரிசை மட்டும் பச்சையாக நின்றது. சோதிக்க வந்த வேளாண் அதிகாரி ரெஜினா தண்டைக் கீறி, எந்த நுண்ணுயிர் யார் கையுடையது என்று பதிவாகியிருக்கும் கருவியில் வைத்தாள்.

“ஐயா, உள்ள இருக்கிறது உங்களோடது இல்ல. மங்கைன்னு காட்டுது. யாரு?”

மங்கை என் மகள். வேற்றுச் சாதிக்காரனோடு போன அவளுக்கு, அவள் உயிரோடு இருந்தபோதே கருமாதி செய்தவன் நான். பிறகு அவள் உண்மையாகவே இறந்தபோதும் போகவில்லை.

“அக்காதான், வீட்டை விட்டுப் போறதுக்கு முன்னாடி அவ நட்ட வரிசை இது,” என்றான் என் மகன் செழியன். “அப்பா, இதையே மத்த மரத்துக்கும் ஊட்டிடலாம். இல்லன்னா ஒண்ணும் மிஞ்சாது.”

“அவ இங்க வேண்டாம். வெட்டிப் போடு.”

“வெட்டத்தான் போறேன். நாளைக்கு என் கல்யாணத்துக்கு வாசல்ல கட்ட வேற மரம் ஏது?”

வாழை கட்டாமல் எங்கள் வீட்டில் கல்யாணம் நடந்ததில்லை. மறுநாள் காலை வாசலின் இருபுறமும் குலையோடு கட்டினார்கள். வந்தவர்கள் தண்டைத் தடவிப் பார்த்து, நல்ல வாழை என்றார்கள். நான் கைகூப்பி வரவேற்றேன்.

“மாமா, தாலி கட்டப் போறாங்க, உள்ள வாங்க,” என்று யாரோ கூப்பிட்டார்கள்.

உள்ளே போக அந்த இரண்டு மரங்களுக்கும் நடுவில்தான் வழி. கெட்டிமேளம் முழங்கி ஓயும்வரை நான் வெயிலிலேயே நின்றேன்.