ஆடாத கட்டடம்

"ஆடுறது கட்டடம் இல்ல பாய், உங்க தலை. மொதல்ல போய் பிரஷர் செக் பண்ணுங்க."

சொல்லிவிட்டு ரெஜினால்ட் தானே சிரித்துக்கொண்டார். இரும்புச் சட்டக் கட்டடங்களுக்குக் கணக்குப் போடுவதில் மலாக்காவிலேயே தனக்கு ஈடு யாருமில்லை என்பது அந்த இன்ஜினியரின் எண்ணம். கிளேபாங் கடற்கரைச் சாலையில் இருக்கும் இந்த இரண்டு மாடி அரிசிக் கிடங்கும் அவர் வரைந்து கொடுத்ததுதான்.

கிடங்கின் முதலாளி ஹனிபா கையைப் பிசைந்தபடி நின்றார். "இல்ல சார், ரெண்டு வாரமாத்தான் இப்படி. மேல மூட்டை அடுக்கினா தரை லேசா அசையுது. அது வந்து, லோரி உள்ள ரிவர்ஸ் எடுக்கிறப்போ..."

"லோரி வந்தா தரை அதிரத்தான் செய்யும். இதுகூடத் தெரியாதா? அரிசி விக்கிற ஆளு அரிசிய மட்டும் பாருங்க லா."

ஆறாம் வகுப்பைத் தாண்டாத ஆளெல்லாம் தன் கணக்கில் குறை கண்டுபிடிக்க வந்துவிட்டார்களே என்று அவருக்கு எரிச்சல். விடுவிடுவென்று கட்டடத்தின் முன்பக்கம் நடந்தார்.

அங்கே மதிய வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. மூலைத் தூணில் கை வைத்தவர் சூடு பொறுக்காமல் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். இரண்டு தூண்களுக்கு நடுவே குறுக்காகச் சாய்ந்து ஓடிய சிவப்புக் குழாயின் மேல் உள்ளங்கையை வாகாக வைத்தபடி பேச ஆரம்பித்தார்.

"இதுக்குப் பேரு பிரேசிங். தூணு பாரத்தைத் தாங்கும், அவ்ளோதான். கட்டடம் பக்கவாட்டுல சாயாமப் பிடிச்சு வச்சிருக்கிறது இதுதான். முன்பக்கத்துக்கு இது ஒண்ணே ஒண்ணு."

"இது இல்லேன்னா என்ன சார் ஆகும்?"

"மேல இவ்ளோ மூட்டை இருக்கா? ஒரு பெரிய காத்து அடிச்சா போதும், மொத்தமும் ஒருபக்கமா சாஞ்சு படுத்துடும். புரியுதா, இல்ல படம் போட்டுக் காட்டணுமா?"

ஹனிபாவின் முகம் வெளுத்துப்போனது. தன் படிப்பைப் பார்த்து ஆள் மிரண்டுவிட்டார் என்று ரெஜினால்டுக்குப் பரம திருப்தி.

"சொல்லிடுங்க," என்றார் வாசலோரக் கல்லாவில் உட்கார்ந்திருந்த ரம்லா, கணவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"சார், ஒரு விஷயம்..."

"ஒரு விஷயமும் வேணாம். உங்கள மாதிரி ஆளுங்களுக்கு வாயால சொன்னா மண்டையில ஏறாது. நானே மேல போய் நிக்கிறேன், ஆடுதான்னு பாத்துடுவோம்."

"சார், வேணாம் சார். மேல போகாதீங்க!"

"கட்டினவன் நானே பயப்படல. உங்களுக்கு என்ன?" ரெஜினால்ட் இரண்டிரண்டு படியாக ஏறினார்.

மேல்தளத்தில் கூரை வரைக்கும் மூட்டைகள். நடுவில் காலை அகட்டி, இடுப்பில் கை வைத்து நின்றார். தரை அசையவில்லை. இறங்கிப் போய் அந்த மனிதரை இன்னும் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வார்த்தைகளைக் கோர்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் கடல் பக்கம் கறுத்துவிட்டது. வெயில் போன இடம் தெரியவில்லை. ஜன்னல் கதவைப் படாரென்று அறைந்துகொண்டு காற்று உள்ளே புகுந்தது.

காலுக்கடியில் தரை மெல்ல நகர்ந்தது. பிரமை என்று நினைத்தார். அடுத்த வீச்சில் உச்சி மூட்டை ஒன்று சரிந்து அவர் காலருகே வந்து விழுந்தது. எங்கோ இரும்பு நீளமாக முனகியது.

ரெஜினால்ட் ஜன்னல் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். "பாய்! கீழ அந்தப் பிரேசிங்கப் பாருங்க! போல்ட் எதுவும் கழண்டிருக்கா?"

அன்றைக்கு முதல்முறையாக, ஹனிபாவிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.

மனைவியைச் சாலைக்கு இழுத்துக்கொண்டு ஓடிய ஹனிபா, அங்கிருந்து தொண்டை கிழியக் கத்தினார்.

"லோரிக்கு இடைஞ்சல்னு அத அறுத்துட்டோம் சார்! இப்ப அங்க இருக்கிறது, நீங்க வர்றீங்கன்னு சிவப்பு பெயிண்ட் அடிச்சு மாட்டின பிளாஸ்டிக் பைப்பு!"