தம்பி பேரில் ஒரு பெட்டி

அரசாங்கத்தில் வீட்டுக்கு ஒரு உயிர்காப்புப் பெட்டி கொடுத்தார்கள்; பதிவு செய்த ஒருவரின் விரல் ரேகைக்குத்தான் திறக்கும். முதலுதவிப் பயிற்சி முடித்தவள் நான். அப்பா, தம்பி இளம்பரிதியின் விரலைத்தான் பதிய வைத்தார். "நீ இன்னொரு வீட்டுக்குப் போறவ."

இன்று அம்மா சமையலறையில் விழுந்தாள். மூச்சில்லை. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடமாம். இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி பெட்டிக்குள் இருந்தது. நான் அம்மாவின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தேன். அப்பா பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்.

"பதிவு செய்தவரை அழைக்கவும்" என்றது பெட்டி.

போனில் தம்பி அழுதான். "ஓசூர்ல இருக்கேன்க்கா. பஸ் ஏறிட்டேன்."

அம்மாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன் பேருக்கு மாத்த எங்க எழுதிக் குடுக்கணும்மா?"

இருபத்தேழு, இருபத்தெட்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பதில் சொல்ல அழுத்துவதை நிறுத்தினால் அம்மா போய்விடுவாள்.