கண்ணாடிப் படகு

படகிலிருந்து இறங்கியவர்களில் அவர்கள் கடைசியாக வந்தார்கள்.

அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள். கடைசியாக வந்தால் பின்னால் நின்று யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

படகுத்துறையின் ஓலைக் கூரைக்குக் கீழே நிற்பது அவள் வேலை. தீவுக்கு வரும் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் நீலக் காகிதப் பட்டை ஒட்ட வேண்டும். எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம், எதையெல்லாம் சுற்றிப் பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது சிரிக்க வேண்டும். மூன்று வருஷத்தில் அந்தச் சிரிப்பு முகத்தோடு வைத்துத் தைத்தது போல ஆகியிருந்தது.

கொஞ்சம் தள்ளி, கறுப்புக் கண்ணாடியோடு மேற்பார்வையாளர். அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகவே அதைப் போட்டிருக்கிறார் என்பது ஊழியர்களின் கட்சி.

ஒப்பந்தம் முடியும்வரை ஊருக்குப் போக முடியாது. சொந்தக்காரர்கள் தீவில் கால் வைக்கவும் கூடாது. முன்பு ஒரு சமையல்காரனைப் பார்க்க அவன் தம்பி வந்தான். இரண்டு பேரும் ஒரே படகில் திரும்பினார்கள்.

அவள் கணவன் புதுச் சட்டை போட்டிருந்தான். பெட்டியில் மடித்திருந்த கோடு மார்பின் குறுக்கே அப்படியே நின்றது. வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறவன். விருந்தாளி மாதிரித் தெரியவேண்டுமென்று நகக்கண்களை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்திருந்தான். வாசனை காட்டிக்கொடுத்தது.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு மகள்.

விட்டு வந்தபோது நடக்கத் தெரியாத குழந்தை. இப்போது செருப்பு வாரைத் தானே குனிந்து மாட்டிக்கொள்கிறாள்.

ஊழியர் விடுதியில் போன் எடுத்தால் குரல் மட்டும்தான் வரும், படம் வராது. இந்த ஒரு நாளுக்கான ஏற்பாடு எல்லாம் அந்தப் போனில்தான் நடந்தது. பாப்பா வாய் தவறி அம்மா என்று கூப்பிட்டுவிடக் கூடாது. ஆன்ட்டி என்றுதான் கூப்பிட வேண்டும். விளையாட்டு என்று சொல்லிப் பழக்குங்கள் என்று கணவனிடம் விட்டிருந்தாள். அவனும் சரி சரி என்றான்.

"வாங்க, வணக்கம்." விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் குரல். வீட்டில் அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. "சாப்பாட்டுக்கு மூணாவது மேசையில உக்காருங்க. காத்தோட்டமா இருக்கும்."

மற்றவர்களைக் கடலைப் பார்த்த மேசைகளுக்குத்தான் அனுப்புவாள். மூன்றாவது மேசை சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. மத்தியானம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் அவளுக்குத் தட்டு துடைக்கும் வேலை.

தங்கி ஓய்வெடுக்க, துணி உலர்த்தும் கொடிக்குப் பக்கத்துக் குடிலைச் சொன்னாள். விருந்தாளிகள் யாரும் எட்டிப் பார்க்காத குடில். துண்டு எடுக்கிற சாக்கில் அந்த வழியாக எத்தனை தடவை வேண்டுமானாலும் போய் வரலாம்.

"கண்ணாடிப் படகு மட்டும் வேண்டாம். அலை ஜாஸ்தியா இருக்கு. குழந்தைக்கு ஒத்துக்காது."

கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. தரை முழுக்கக் கண்ணாடி போட்ட படகு அது. ஏறினால் காலுக்குக் கீழே மீன்கள் போகும். ஆனால் திரும்பி வர மத்தியானம் தாண்டிவிடும். சாயங்காலம் அவர்கள் ஊருக்குக் கிளம்பியாக வேண்டும். இருக்கிற ஒரு பகலில் பாதியைக் கடலுக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"சரிங்க மேடம்," என்றான் கணவன்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயிலிருந்து அவளுக்கு ஒரு 'ங்க' கிடைத்ததில்லை. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. நல்லவேளை, சிரிப்பதற்குத்தான் சம்பளம்.

பட்டை ஒட்டக் குனிந்தாள். இந்த வேலையில் யார் கையையும் தொடலாம். மகள் கையையும் தொடலாம்.

மணிக்கட்டில் ஒரு கொசுக்கடி. பாப்பா சொறிந்து புண்ணாக்கி வைத்திருந்தாள். பட்டை ஒரு தடவை நழுவியது. இன்னொரு தடவை அவளே நழுவவிட்டாள்.

மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பியை, கழுத்தோடு வெட்டிய முடியை, உதட்டுச் சாயத்தை. சின்ன முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஆன்ட்டி, எங்கம்மாவும் ஒரு தீவுலதான் வேலை பாக்கறாங்க. அங்கயும் கண்ணாடிப் படகு இருக்கு. என்னை ஏத்திட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க."

மேற்பார்வையாளர்கூடச் சிரித்துவிட்டார்.

எமகாதகி, என்று நினைத்துக்கொண்டாள் அவள். வயிறு குளிர்ந்துபோனது. வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத வயதில் விட்டுவந்த பிள்ளை, என்ன போடு போடுகிறது!

யாரோ பெட்டியைத் தண்ணீரில் தவறவிட்டார்கள். மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் ஓடினார்.

கணவனின் மணிக்கட்டில் பட்டையைச் சுற்றிக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"எப்படிங்க இப்படிப் பழக்குனீங்க? நானே ஏமாந்துடுவேன் போல."

அவன் நிமிரவில்லை.

"நான் அவகிட்ட ஒண்ணுமே சொல்லல," என்றான். "சொல்லியிருந்தா ஓடி வந்து கட்டிக்குவா. அப்புறம் உன் வேலை என்னாகும்? சும்மா ஊர் சுத்திப் பாக்கப் போறோம்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

பட்டையின் பசை அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுக்கக் கொஞ்ச நேரமானது.

மகள் தூரத்தில் தெரிந்த கண்ணாடிப் படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் இன்னும் தொங்கித்தான் இருந்தது.

மேற்பார்வையாளர் திரும்பி வந்தார்.

அவள் மகளின் முன்னால் மறுபடியும் குனிந்தாள். விருந்தாளிகளுக்கான குரல் தானாக வந்தது.

"அலை அடங்கிடுச்சும்மா. படகு இப்பதான் கிளம்பப் போகுது. ஓடிப் போய் முன்னால உக்காந்துக்கோ. மீனெல்லாம் அங்கதான் நல்லாத் தெரியும்."

மகள் அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் நின்று, திரும்பி, நீலப் பட்டை ஒட்டிய கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள்.

"தேங்க்ஸ் ஆன்ட்டி!"

எல்லா விருந்தாளிகளுக்கும் அசைப்பது போல அவளும் கையை அசைத்தாள்.