மாஸ்டருக்கும் ரீச்சருக்கும் சண்டை

சமாதானம் பேசவென்று விரிவுரையாளர் இராசநாயகம் மனைவியையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் ஏறி ஊர்காவற்றுறைக்கு வந்து என் கடைக்குள் நுழைந்தபோது, சண்டைக்காரர் இருவரும் ஒரே மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒரே பொட்டலத்துக் கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.



சண்டையை மூட்டியவள் நான்தான்.

தம்பிராசா மாஸ்டரும் சறோஜினிதேவி ரீச்சரும் இணையவழிப் பட்டப்படிப்புக்குப் பதிந்திருந்தார்கள். இந்தப் பக்கத்தில் இன்ரநெற் உள்ள கொம்பியூட்டர் என் தொலைத்தொடர்புக் கடையில்தான். முதல் நாளே இரண்டு பேரும் கடவுச்சொல்லைத் துண்டுக் கடதாசியில் எழுதி என் கையில் வைத்து, "நீரே பாத்துப் போட்டுவிடும்" என்றுவிட்டுப் போனவர்கள்.

பாடத்தை வாசித்தது நான். திரையில் மணிக்கூடு ஓட ஓட வினாக்களுக்கு விடை போட்டது நான். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குச் சொட்டுக் குறைந்து கம்பஸ் போகாமல் நின்றவள், கிடைத்ததை விடுவேனா?

அதில் கலந்துரையாடல் களம் என்று ஒன்று. மற்றவர் எழுதியதை மறுத்து எழுதினால்தான் புள்ளி. "நன்று, உண்மை" என்றால் பூச்சியம்.

ஆகவே மாஸ்டராக உள்ளே போய் ஒன்றை எழுதுவேன். வெளியே வந்து, ரீச்சராக உள்ளே போய் அதைக் கிழிப்பேன். விரிவுரையாளரும் லேசுப்பட்ட ஆளில்லை. ஒவ்வொரு வரிக்கும் நறுக்கென்று பதில் வரும். போகப்போக எனக்கே சூடு ஏறிவிட்டது. போன கிழமை ரீச்சர் மாஸ்டரைப் பார்த்து, "உங்களிடம் படிக்கும் பிள்ளைகள் பாவம்" என்று எழுதிவிட்டா.

"ஒரே தீவு ஆக்கள் நீங்கள். இப்பிடிக் கிழிபடலாமோ?" என்று விரிவுரையாளர் சேர் தொடங்கினார்.

இருவரும் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

பிடிபட்டால் இருவரின் பதிவையும் வெட்டிவிடுவார்கள். பட்டம் இல்லாவிட்டால் மாஸ்டருக்குப் பள்ளிக்கூட அதிபர் கதிரை கிடையாது. எனக்குப் படிப்பே கிடையாது. 

மாஸ்டர் எச்சிலை விழுங்கினார். பிறகு, ஐயோ மாதாவே, வாயைத் திறந்தார்.

"நாங்கள் எதுக்குச் சண்டை பிடிச்சனாங்கள் எண்டு நீங்களே ஒருக்காச் சொல்லுங்கோ சேர்."

துலைந்தோம் என்று நினைத்தேன்.

சேர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார். மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"பிள்ளையளை வீட்டிலை இருந்தே சோதினை எழுத விடலாம் எண்டவர் மாஸ்டர்," என்றா அந்த அம்மா, மூச்சுவிடாமல். "எழுதினது ஆரெண்டு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டவ ரீச்சர். நானும் ரீச்சர் பக்கம்தான் எழுதின..."

"இல்லை, கடைசியிலை நீங்கள் மாஸ்டர் பக்கம் மாறினனீங்கள்!" என் வாய் என்னைக் கேட்கவில்லை.



நானும் அந்த அம்மாவும் ஒருவரையொருவர் அப்போதுதான் வடிவாகப் பார்த்தோம்.

மாஸ்டர் கச்சான் பொட்டலத்தை சேரிடம் நீட்டினார். சேர் இரண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ரீச்சர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தா. சமாதானம் அவ்வளவில் முடிந்தது. யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

பஸ் வருகிறது என்று சேர் முன்னால் இறங்கி நடந்தார். அந்த அம்மா மட்டும் வாசலில் நின்று என் பெயரைக் கேட்டா.

"பிரேமினி."

"நான் அம்பிகை," என்றா. பிறகு குரலைத் தணித்து, "வாற கிழமைக் கேள்வி கொஞ்சம் இறுக்கமாத்தான் போடுவன் பிரேமினி. வடிவா வாசிச்சிட்டு வாரும்."