எழுபத்தைந்து கிலோ கேழ்வரகு

அவர் தட்டில் உட்கார்ந்தார்.

சங்கிலி கிறீச்சிட்டது. அவர் தட்டு விறுவிறுவென்று இறங்கித் தரையைத் தொட்டது. எதிர்த்தட்டில் இருந்த பதினைந்து கேழ்வரகுப் பைகளும் முழங்கால் உயரத்துக்கு ஏறி, அங்கேயே நின்றன.

கைதட்டத் தயாராக இருந்த கைகள் தயாராகவே இருந்தன.

காற்று அடிக்கிறது, அதனால்தான் என்று மைக்கில் யாரோ சொன்னார்கள்.

காற்று அடிக்கவில்லை.

பூங்காவின் வேப்பங்கிளையில் மண்டித் தராசு. அதற்குப் பின்னால் பத்தடிக்கு பிளெக்ஸ். நடப்போர் சங்கத் தலைவரின் மணிவிழா. முதியோர் இல்லத்துக்கு எடைக்கு எடை கேழ்வரகு. தொண்ணூற்றெட்டிலிருந்து எழுபத்தைந்து. கூழ், நடை, மனக்கட்டுப்பாடு.

படத்தில் கைகட்டி நின்றார். இடுப்பை மட்டும் பிளெக்ஸ் கடையில் கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்தார்கள்.

ஐந்து மாதம் முன்னால், தேதியோடு அறிவித்தது அவர்தான். அப்போது வாரத்துக்கு ஒரு கிலோ கரைந்துகொண்டிருந்தது. வகுத்துப் பார்த்தால் மணிவிழாவுக்கு மூன்று வாரம் மிச்சமே இருந்தது.

எண்பத்தொன்றில் நின்றுவிட்டது.

ஆறு வாரமாக எண்பத்தொன்று.

பிரிட்ஜில், தோசை மாவுக்குப் பின்னால், சாம்பார்ப்பொடி டப்பாவுக்குள் இருக்கும் எடை குறைக்கும் ஊசியைப் பற்றி பிளெக்ஸில் எதுவும் இல்லை. வாரம் ஒரு தடவை, வயிற்றில். போட ஆரம்பித்த பிறகு பிரியாணி வாசம் வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குத்தான் மேடையில் மனக்கட்டுப்பாடு என்று பெயர். மூன்று பள்ளிக்கூடங்களில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குப் பசித்தது.

எடை இப்படி நின்றுபோவது எல்லோருக்கும் வருவதுதான் என்று டாக்டர் சொன்னார். உடம்பு புது எடைக்குப் பழகுகிறதாம். மருந்து கைவிட்டதாக அர்த்தமில்லை, பொறுமையாக இருங்கள் என்றார்.

பொறுமையை பிளெக்ஸில் அடிக்க முடியாது.

வீட்டில் எடைமெஷினை ஒவ்வொரு டைல்ஸாக நகர்த்தி ஏறிப் பார்த்தார். குளியலறை வாசலில் இருநூறு கிராம் குறைவாகக் காட்டியது. அன்றிலிருந்து மெஷினுக்கு அதுதான் இடம்.

நேற்று முடி வெட்டிக்கொண்டார். இன்று விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. வாட்ச், மோதிரம், செல்போன் மூன்றும் முன்வரிசையில் மனைவியின் மடியில். பொன்னாடை வேண்டாம் என்று அவர் கும்பிட்டபோது, அவருடைய எளிமையைப் பற்றி ஒருவர் ஐந்து நிமிடம் பேசினார்.

மனைவி இப்போது அவரைப் பார்க்கவில்லை. ஊசி போடுவது கொலைக்குற்றமா, ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன என்று நேற்று ராத்திரிவரை கேட்டவள். இன்று மோதிரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தராசு மண்டி அண்ணாச்சியுடையது. முப்பது வருஷமாக வற்றல் மிளகாய் நிறுப்பவர். முள்ளைப் பார்த்தார். மிளகாயைச் சொல்வதுபோலவே கண்மதிப்பில் சொன்னார்.

"ஆறு கிலோ தூக்கலா இருக்கு."

இருநூறு பேர். அவர் பேச்சைக் கேட்டு இட்லியை விட்டவர்கள். கருவாட்டை விட்டவர்கள். ஒருவர் மாமியார் வீட்டு விருந்தையே விட்டவர். எல்லோரும் அவருடைய வயிற்றைப் பார்த்தார்கள்.

அவர் வயிற்றை உள்ளே இழுத்தார். தராசுக்கு அது புரியவில்லை.

எதற்கும் கூட ரெண்டு பை எடுத்து வரவா என்று அண்ணாச்சி முன்தினமே கேட்டார். அது அவநம்பிக்கை என்று தடுத்தவர் இவர்தான்.

செயலாளர் கனகசபாபதி மைக்கை வாங்கினார். கூழ் குடிப்பதில் தலைவருக்குச் சளைக்காதவர், பதினோரு கிலோ இளைத்தவர். வெயிலில் வைத்ததில் கேழ்வரகு காய்ந்து எடை குறைந்திருக்கும் என்று விளக்கினார். ஆறு மணியிலிருந்து பைகள் நிழலில்தான் இருந்தன.

பிறகு, சங்கிலியைச் சரிபார்ப்பவர்போல இரண்டு தட்டுக்கும் நடுவே வந்தார். பேன்ட்டை லேசாக மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். கேழ்வரகுத் தட்டின் விளிம்பில் ஒரு காலை வைத்தார்.

தலைவரின் தட்டு தரையை விட்டு ஒரு விரல்கடை எழும்பியது.

அண்ணாச்சி முள்ளைப் பார்த்தார். காலைப் பார்த்தார். பிறகு வேப்பமரத்தைப் பார்த்தார்.

கனகசபாபதி தலைவரின் காதருகே குனிந்தார்.

"எனக்கும் எட்டு வாரமா இறங்கல, தலைவரே. பொறுமையா இருங்கங்கிறார்."

யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. சுற்றியிருந்த முகங்களைப் பார்க்கப் பயந்து எதிர்த்தட்டையே பார்த்தார்.

அந்தப் பக்கம், பைகளுக்குப் பின்னால், விளிம்பில் இன்னொரு கால். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. பொருளாளருடையதாக இருக்கலாம். அதற்குப் பக்கத்தில், வளையல் போட்ட ஒரு கை. அதுவும் மெல்ல அழுத்திக்கொண்டிருந்தது.

முள் நடுவுக்கு வந்தது.

கைதட்டல் பூங்காவைத் தாண்டிக் கேட்டிருக்கும்.

அவருடைய கால்கள் அந்தரத்தில் இருந்தன. அந்த இரண்டு கால்களும் ஒரு கையும் எடுக்கப்பட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

போட்டோக்காரர், எல்லோரும் சிரித்தபடி அப்படியே இருக்க வேண்டும் என்றார்.

யாரும் அசையவில்லை.